பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்ச்

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமும் உட்காருவது வழக்கம். கல்யாணம் ஆன முப்பத்தாறு வருடத்தில் நானும் என் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் போய், வாசலில் பிரிந்து, ஆராதனை முடிந்ததும் அதே வாசலில் சேர்ந்து வீடு திரும்பியிருக்கிறோம். உள்ளே அவள் என்ன செய்தாள், எந்த ஜெபத்தில் அழுதாள், எந்தப் பிரசங்கத்தில் தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. அது ஒரு குறையாகவும் அப்போது தோன்றியதில்லை.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து செக்கராக ஓய்வு பெற்றவன். தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் என்னைக் கண்டதும் எவன் முகம் மாறுகிறது என்று பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைச் சொல்லிவிடுவேன். ஊரில் சின்னவர்களுக்கெல்லாம் நான் ‘செக்கர் மாமா’. ஓய்வுக்குப் பிறகு சபைக் கமிட்டியில் சேர்ந்தேன். அங்கேயும் அதே வேலையைத்தான் செய்தேன் என்று இப்போது தெரிகிறது. யார் பிந்தி வருகிறார்கள், யார் பிரசங்க நேரத்தில் போனைப் பார்க்கிறார்கள், எந்தப் பிள்ளை தலையில் முக்காடு போடாமல் வருகிறது என்று கண் தானாகவே ஓடும்.

என் மனைவி வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள். கோபப்படுகிற ஆளிடம் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரிந்தவள். என்னோடு குடும்பம் நடத்த அந்தப் பழக்கம் அவளுக்கு நிறையவே உதவியிருக்கும்.

ஒரு குருத்தோலை ஞாயிறு அன்று நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். காலை ஆராதனைக்கு முன்னால் ஒரு பெண் பீடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. அப்பா பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். வாலிபர் ஆராதனையில் அவள்தான் டிரம்ஸ் வாசிப்பாள். அன்று காலை ஆராதனையிலும் ஒரு பாட்டுக்கு வாசிக்கப் போதகர் அனுமதி கொடுத்திருந்தாராம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தித்தான் இருப்பேன்.

“ஏட்டி, இது ஆலயமா தியேட்டரா? பெரியவங்க ஜெபம் பண்ண வாற நேரத்துல இதென்ன கொட்டு? பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேல தேவையா?”

பஸ்ஸில் பின் சீட்டுவரை கேட்கும் குரல் என்னுடையது. கையில் குருத்தோலையோடு உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளை குச்சிகளை டிரம்ஸின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, பக்க வாசல் வழியாக வெளியே போனாள். அடுத்த கமிட்டியில், காலை ஆராதனையில் டிரம்ஸ் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டேன்.

அதற்கு மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. என் கீழ் வேலை பார்த்த கண்டக்டர் ஒருவன்.

“அண்ணாச்சி, அக்கா இஞ்ச பஸ்ஸுக்குள்ள இருக்காவ. வெள்ளச் சேல உடுத்து, சோத்துப் பாத்திரத்தோட. டூட்டிக்குப் போவணும்னு சொல்லுதாவ. ரிட்டையர் ஆயாச்சுல்லா?”

நான் போய்ச் சேரும்வரை அவன் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தான். பயணிகள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இறங்கி வந்து, நேரமாகிவிட்டது, நைட் ஷிப்ட் ஆள் மாற்றிவிடக் காத்திருப்பாள் என்று என்னிடமே சொன்னாள்.

நாகர்கோவிலில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து மறதி நோய் என்றார். இது குணமாகாது, மெதுவாகக் கூடும் என்றார். தோகாவில் இருக்கும் மகன் தினமும் வீடியோவில் வந்தான். அவனை அவள் சில நாள் மகன் என்று அறிவாள், சில நாள் டாக்டர் என்று நினைத்து எழுந்து நிற்பாள். என்னிடம் ஒருநாள், “நீங்க பேஷண்டுக்கு யாரு?” என்று கேட்டாள். “வீட்டுக்காரன்” என்றேன். “சரி, வெளிய இருங்க, கூப்பிடுவேன்” என்றாள். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆலயத்தில் பிரச்சினை தொடங்கியது ஒரு திருவிருந்து ஞாயிறில். எல்லோரும் தலை குனிந்து அமைதியாக இருந்த நேரம். அவள் எழுந்தாள். நேராக முன் பெஞ்சுக்குப் போய், போதகரின் மனைவி ஐயரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பல்ஸ் எண்ணுகிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. ஐயரம்மா அசையாமல் இருந்தார்கள். எண்ணி முடித்துவிட்டு அடுத்தவருடைய கை, பிறகு அதற்கு அடுத்தவருடைய கை. யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தேன். பெண்கள் பக்கம் போய் அவளைக் கூட்டி வர என் கால் எழவில்லை. அந்த நாலைந்து நிமிடத்தில் நான் பட்ட வெட்கத்தை நினைத்து இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே நடந்தது. என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், கமிட்டியில் என்னோடு இருப்பவர், வாசலில் என் தோளைத் தொட்டு, “வீட்டுல இருந்தே லைவ்ல ஆராதனை பாக்கலாமே ஓய். அவங்களுக்கும் செரமம் இல்ல” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை.

இரண்டு மாதம் போனில் ஆராதனை பார்த்தோம். அவள் போனுக்குள் தெரியும் போதகரிடம் ஏதாவது கேட்பாள். அவர் பதில் சொல்லாததால் எழுந்து போய்விடுவாள். நான் தனியாக ஆமென் சொல்லிக்கொண்டிருப்பேன். இத்தனை வருடம் பழகிய சபையில் இருந்து யாரும் வரவில்லை என்று மனதுக்குள் ஒரு கசப்பு ஊறிக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று பெண்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் அந்த டிரம்ஸ் பிள்ளை. இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள். இன்னொருத்தி நர்சிங் இரண்டாம் வருடம். மூன்றாமவள் பத்தாம் வகுப்பு. என்னைப் பார்த்ததும் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது.

“மாமா, மாமி ரெண்டு மாசமா ஆலயத்துக்கு வரல்லியே” என்றாள் டிரம்ஸ் பிள்ளை.

“சொகமில்ல.”

“தெரியும் மாமா. லைவ் நான்தான் ஓட்டுதேன். எல்லா ஞாயிறும் ஒங்க பேரு அதுல வரும். நாளைக்கு மாமியக் கூட்டிட்டு வாருங்க. எங்க கூட இருக்கட்டும். நாங்க பாத்துக்கிடுதோம்.”

“இது வெளையாட்டு இல்ல பிள்ளே. எழும்பி நடப்பா. எல்லாருக்க கையையும் பிடிப்பா. பிடிச்சு இருத்தினா கோவப்படுவா.”

“பிடிச்சு இருத்தாண்டாம் மாமா. அவிய நடந்தா நாங்களும் கூட நடக்கோம்.”

அப்போது என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“ஸ்டூடண்ட்ஸா?”

“ஆமா சிஸ்டர்” என்றாள் நர்சிங் பிள்ளை, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

“கேப் எங்க?”

“கழுகிக் காயப் போட்டிருக்கு சிஸ்டர்.”

அவள் தலையாட்டிவிட்டு டிரம்ஸ் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். எங்கள் முன்னறைக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து எண்ணினாள். “எண்பத்தெட்டு. வெயில்ல நடந்தா வந்த?” என்றாள்.

“ஆமா மாமி. பஸ்ஸு கிட்டல்ல.”

“இரி. மோரு குடி.”

பல நாளைக்குப் பிறகு அவள் வாயில் இருந்து, எதிரில் இருப்பவருக்குப் பொருந்துகிற பேச்சு வந்தது. நான் மோர் எடுக்க அடுக்களைக்குப் போனேன்.

மறுநாள் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அந்த மூன்று பேருக்கு நடுவில் அவள் உட்கார்ந்தாள். நான் எதிர்ப்பக்கத்தில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தேன். முதல் வேதபாடம் வாசிக்கும்போது எழுந்தாள். நர்சிங் பிள்ளையும் ஒரு நோட்டோடு எழுந்தது. அவள் பின் பெஞ்சில் ஒரு கையைப் பிடித்து எண்ணி, “எழுபத்திரெண்டு” என்றாள். பிள்ளை எழுதியது. “எழுதியாச்சா?” “எழுதியாச்சு சிஸ்டர்.” குரல் உயரவே இல்லை. ஆறேழு பேரைப் பார்த்ததும், “சிஸ்டர், ரவுண்ட்ஸ் முடிஞ்சுது. டாக்டர் பேசுதாரு, கேப்போமா?” என்று பிள்ளை கேட்டது. டாக்டர் என்றது போதகரை. அவள் வந்து உட்கார்ந்தாள். பிரசங்கம் முடியும்வரை எழவில்லை. நானும் இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு பிரசங்கத்தைக் காதில் வாங்கினேன்.

வாலிபர் ஐக்கியத்தில் முறை வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று பேர். அந்த நர்சிங் பிள்ளை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தது: மாமியைத் திருத்தக் கூடாது, இது ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்லக் கூடாது, கையை இழுக்கக் கூடாது.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொன்னால் அது பொய். பக்கத்து பெஞ்சில் பல வருடமாக உட்கார்ந்துவந்த ஒரு அம்மா, ஜெபிக்க முடியவில்லை என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. ஒரு ஞாயிறு, என்ன பயமோ, என் மனைவி அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். சத்தம் ஆண்கள் பக்கம்வரை கேட்டது. பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளைதான் கதவைப் பிடித்துக்கொண்டு, “நோவல்ல மாமா. அடுத்த வாரமும் எனக்க முறைதான்” என்றது. சொன்னபடி வந்தது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது, பாதி ஆராதனையில் பழையபடி நெருங்கி உட்கார்ந்தது.

மெல்ல மெல்ல சபை பழகியது. அவள் வருகிறாள் என்றால் பெண்கள் தாங்களே கையை நீட்டினார்கள். சின்னக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஒருநாள் நடுப்பாதையைக் கடந்து ஆண்கள் பக்கம் வந்து என் நண்பர் ஹெட்மாஸ்டரின் கையைப் பிடித்தாள். எண்ணினாள். நெற்றியைச் சுருக்கி மறுபடி எண்ணினாள். “இது செரியில்ல. ஈ.சி.ஜி. எடுக்கணும்” என்றாள். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே போய் எடுத்தார். ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார். அவள் விரித்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல. உப்பக் கொறைங்க” என்றாள். “சரி சிஸ்டர்” என்றார் அவர். வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்று சொன்ன மனிதர், அதற்குப் பிறகு அவள் பெஞ்சுக்குக் கிட்ட வரும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு காத்திருப்பார்.

டிரம்ஸ் பிள்ளையிடம் நான் பேச வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. தினமும் நினைப்பேன், வாய் வராது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து காம்பவுண்டில் அவள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

“மக்கா, அண்ணைக்குக் குருத்தோலை ஞாயிறுல நான் பேசினது தப்பு. எல்லாரும் பாக்க வச்சுப் பேசிட்டேன். மன்னிச்சுக்கிடணும்.”

அவள் ஒயரைக் கீழே வைத்தாள். “எனக்கு ரொம்ப கோவம் மாமா. அண்ணையோட இந்த ஆலயமே வேண்டாம்னுதான் வெளிய போனேன். மாமிதான் பின்னாலேயே வந்தாவ.”

“யாரு?”

“மாமி. ஒங்ககிட்ட சொல்லல்லியா? அந்தக் குழாய்கிட்ட நின்னு அழுதுட்டு இருந்தேன். மொகத்தக் கழுவச் சொன்னாவ. பெறவு சொன்னாவ, ‘அவரு உலகத்துல உள்ள எல்லாரையும் டிக்கெட் எடுக்காதவன் மாரிதான் பிள்ளே பாப்பாரு. என்னையும் அப்படித்தான் பாத்துட்டு இருந்தாரு, இப்பம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. நீ போவாண்டாம். நீ வாசிக்கது எனக்குப் பிடிக்கும்’னு. ஆராதனை முடியது வரைக்கும் எனக்க கூடயே மதில்ல இருந்தாவ மாமா. உள்ள வரவே இல்ல.”

அந்தக் குருத்தோலை ஞாயிறில் நான் உள்ளே இருந்து முழு ஆராதனையும் கண்டேன். என் மனைவி எதிர்ப்பக்கத்தில் இல்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. வாசலில் சேர்ந்து ஸ்கூட்டரில் ஏறி வந்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறாள், பிறந்தநாளுக்கு என்ன கொடுத்திருக்கிறாள், பரீட்சைக்கு முன்னால் எத்தனை முறை போன் செய்திருக்கிறாள் என்பதையெல்லாம் அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யாரும் தேடி வரவில்லை என்று நான் கசந்துகொண்டிருந்த காலத்தில், எங்களைத் தேடி வருகிறவர்களை அவள் எப்போதோ சம்பாதித்து வைத்திருந்தாள். இனி அவளிடம் கேட்டால் அவளுக்கு நினைவிருக்காது. நினைவு வைத்திருக்க அந்தப் பிள்ளை இருந்தாள்.

“நான் பெரிய மண்டன் பிள்ளே” என்றேன்.

“கொஞ்சம் கொறஞ்சிருக்கு மாமா” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணும் கலங்கியது.

அடுத்த கமிட்டியில் டிரம்ஸ் தீர்மானத்தை நானே திரும்பப் பெற்றேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலையிலும் வாசிக்கலாம் என்று முடிவாயிற்று. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

மழைக்காலத்தில் என் மனைவியின் நடை தளர்ந்தது. எழுந்து சுற்றுவது நின்றது. அதற்குப் பதிலாக உட்கார்ந்த இடத்தில் திரும்பித் திரும்பி யாரையோ தேடினாள். பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். “மாமா, அவிய ஒங்களத்தான் தேடுதாவ. இஞ்ச வந்து இருங்க” என்றார்கள். பெண்கள் பக்கமா என்று தயங்கி, கமிட்டியில் அனுமதி கேட்டு ஒரு மனு எழுதலாமா என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். “மனுவா? போய் இரும் ஓய்” என்றார்.

அப்படி ஒரு ஞாயிறு நான் மூன்றாவது பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டிரம்ஸ் பிள்ளை. கீர்த்தனை தொடங்கியது. வார்த்தைகள் அவளுக்குப் பாதிதான் வந்தன. ஆனால் எல்லோரும் பாடுகிற ராகத்தை அவள் பாடவில்லை. அதற்குக் கீழே, தணிந்த குரலில், இன்னொரு ராகம் சேர்த்துப் பாடினாள். நர்சிங் படித்த காலத்தில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடியவளாம். இதையும் பிள்ளைகள்தான் சொன்னார்கள். முப்பத்தாறு வருடம் ஒரே ஆலயத்தில் இருந்துவிட்டு, அன்றுதான் முதல்முறையாக என் மனைவி பாடுவதைக் கேட்டேன். நான் பாடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது எங்கள் ஆலயத்தில் வயதான நாலைந்து ஜோடிகள் சேர்ந்தே உட்காருகிறார்கள். யாரும் தீர்மானம் போடவில்லை.

டிரம்ஸ் பிள்ளைக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. விடைபெற வந்தபோது என் மனைவி அவளை அறியவில்லை. அதற்காக அந்தப் பிள்ளை அழவில்லை. “நான் மாமிய அறிவேன்லா மாமா” என்றாள்.

சென்ற வருடக் கடைசியில் இருந்து என் மனைவியை ஆலயத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. கட்டிலில்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர்கள் நாலைந்து பேர் இங்கே வருகிறார்கள். கட்டிலைச் சுற்றி இரண்டு பாட்டுப் பாடி ஜெபிக்கிறார்கள். பிறகு இங்கேயே சாப்பிடுகிறார்கள். முதலில் ஹோட்டலில் வாங்கி வைத்தேன். வேண்டாம், வீட்டுச் சாப்பாடு போதும் என்றார்கள். அறுபத்துநாலு வயதுவரை அடுப்பைப் பற்ற வைத்து அறியாதவன், ஞாயிறு அதிகாலையில் எழுந்து மரச்சீனிக் கிழங்கு அவிக்கிறேன், சாளை மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன். மகன் தோகாவில் இருந்து வீடியோவில் பக்குவம் சொல்கிறான். சென்ற வாரம், இப்போது பிளஸ் டூ படிக்கும் அந்தப் பழைய பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டு, “மாமா, தேங்கா இன்னும் நல்லா அரையணும்” என்றது. மற்றவர்கள் அதைச் சும்மா இரு என்று அதட்டினார்கள். நான், சொல்லட்டும் என்றேன். ஆறு தட்டும் காலியாகி அடுக்களைத் தொட்டியில் கிடந்தன. நான் கழுவக் கழுவ, அந்தப் பிள்ளையே பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கியது.